‘ஐ7 இருக்கு சார்’ என்றால், எந்த ஐ7?

பள்ளி, கல்லூரி திறக்கிற நேரம் நெருங்கினாலே கம்ப்யூட்டர் வாங்குகிற கேள்விகள் குவிந்துவிடுகின்றன. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்து ஒரே பதிலாக எழுதியிருக்கிறேன், தனியாகப் பதில் வரவில்லையே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். விலைகள் எல்லாம் தோராயம். ரேம் விஷயத்தில் இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள்கூட மாறியிருக்கலாம்.

கேள்வி: மகள் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுக்கப்போகிறாள். ஆன்லைனில் ‘கோர் ஐ7, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 22 இன்ச் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து 17,000 ரூபாய்’ என்று ஒரு செட் வருகிறது. எங்கள் பட்ஜெட் 30,000. மிச்சமாகும் காசில் அவளுக்கு மேஜை, நாற்காலி வாங்கலாம் என்கிறார் என் கணவர். வாங்கலாமா?
– ஈரோடு வாசகி

பதில்: மேஜை, நாற்காலி நல்ல யோசனை, அதை விடாதீர்கள். அந்த செட் வேண்டாம்.

விளம்பரத்தில் ஐ7 என்று பெரிதாக இருக்கிறது, அதற்குப் பின்னால் வர வேண்டிய நம்பரைக் காணோம். ஐ7 என்ற ப்ராசஸர் பெயரை இன்டெல் 2008-இல் இருந்து வைத்துக்கொண்டிருக்கிறது. வெறும் ஐ7 என்றால் அது உங்கள் மகளைவிட வயதில் மூத்த சிப்பாகக்கூட இருக்கலாம். இந்த விலைக்கு வருகிற செட்டுகளுக்குள் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது 2011-இல் வந்த ஐ7 2600, இல்லாவிட்டால் 2012-இன் ஐ7 3770. ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய மெஷின்களில் இருந்து ப்ராசஸரைக் கழற்றி, எச்61 என்கிற பழைய வகை போர்டை இப்போது புதிதாகச் செய்து அதில் மாட்டி, கலர் விளக்கு எரிகிற கேபினெட்டில் வைத்துக் கொடுப்பார்கள். ரேமும் டிடிஆர்3 என்கிற பழைய வகையாக இருக்கும். பெட்டி புதுசு, பில் புதுசு, உள்ளே இருப்பது மட்டும் பழசு. ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்கும் போக முடியாது, ஐ7 என்றார்கள், ஐ7 இருக்கிறதே!

நம்பரைப் படிப்பது சுலபம். நாலு இலக்கம் என்றால் முதல் இலக்கம்தான் தலைமுறை, அதாவது ஐ5 8500 எட்டாம் தலைமுறை. ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு, ஐ3 12100 பன்னிரண்டாம் தலைமுறை. அந்த ஐ3 12100-க்கும் 2011-இன் ஐ7 2600-க்கும் நாலு கோர், எட்டு த்ரெட் என்று கணக்கு ஒன்றுதான், ஆனால் ஓடவிட்டுப் பார்த்தால் ஐ3 எங்கோ போய்விடும். இப்போது இன்டெல் ‘ஐ’ எழுத்தையே எடுத்துவிட்டு கோர் 5, கோர் அல்ட்ரா 5 என்று புதுப் பெயர் வைத்திருக்கிறது, நம் பட்ஜெட்டுக்கு அது இப்போதைக்கு வேண்டாத தலைவலி.

நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய எண் எட்டு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற இன்டெல்லில் எட்டாம் தலைமுறை வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வசதியும் வேண்டும். ‘பழசுலயும் நாங்க போட்டுத் தர்றோம்’ என்பார் கடைக்காரர், போட்டும் தருவார். அது சுற்றுவழியில் ஏற்றியது, பெரிய அப்டேட் வரும்போது மறுபடி அவர் கடை வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

அப்போ எதை வாங்குவது? கம்பெனிகள் லீஸ் முடிந்து திருப்பிக் கொடுத்த பிராண்டட் டெஸ்க்டாப்பை, சுத்தம் செய்து வாரன்டியோடு விற்கிற கடையில் வாங்குங்கள். டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர், இந்த மூன்றும்தான் சந்தையில் அதிகம் புழங்குபவை. மாடல் பெயரை வைத்தே தலைமுறையைச் சொல்லிவிடலாம். ஆப்டிப்ளெக்ஸில் 3050, 5050, 7050 என்றால் ஆறு அல்லது ஏழாம் தலைமுறை, ஒதுக்கிவிடுங்கள். 3060, 5060, 7060 என்றால் எட்டாம் தலைமுறை. எலைட்டெஸ்க் 800-இல் ஜி3 வேண்டாம், ஜி4 வாங்கலாம். திங்க்சென்டரில் எம்710 வேண்டாம், எம்720 சரி. ஐ5 8500 போட்டு, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டியோடு 13,000-இல் இருந்து 18,000-க்குள் கடைக்குக் கடை விலை மாறும். ஒரு தடிமனான புத்தகம் அளவே இருக்கிற மினி மாடல்களும் வருகின்றன, அவற்றில் ப்ராசஸர் நம்பருக்குப் பின்னால் ‘டி’ என்று இருக்கும், வேகம் கொஞ்சம் கம்மி, கரன்டும் கம்மி. பிறகு கிராபிக்ஸ் கார்டு போடும் எண்ணம் இருந்தால் மட்டும் மினி வேண்டாம், போட இடமே இருக்காது.

மானிட்டரைப் புதிதாகவே வாங்குங்கள். 22 இன்ச், ஃபுல் எச்டி, ஐபிஎஸ், 7,000 சொச்சம் ஆகும். கீபோர்டு, மவுஸ் 800 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். மீதியில் யுபிஎஸ், அப்புறம் உங்கள் மேஜை. நம் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும் வருகின்றன. இவற்றுக்கு இந்த ஐ5 தாராளம், இன்னும் சொன்னால் அதிகம்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ப்ராசஸரின் முழு நம்பர், ரேமின் வகை, எஸ்எஸ்டியின் பிராண்ட், வாரன்டி எத்தனை மாதம், நாலையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்கிற கடையில் பேரம்கூடப் பேசாமல் திரும்பிவிடலாம்.

கேள்வி: கம்ப்யூட்டர் கேபினெட்டின் பின்பக்கத்தை வெறுங்காலோடு தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. டெஸ்டர் வைத்தால் எரிகிறது. விற்ற கடையில் கேட்டால் ‘எர்த் இல்ல சார், அதெல்லாம் ஒண்ணும் ஆகாது’ என்கிறார்கள்.
– தாம்பரம் வாசகர்

பதில்: எர்த் இல்லை என்றது சரி, ஒன்றும் ஆகாது என்றது தப்பு.

கம்ப்யூட்டருக்குக் கரன்ட் தருகிற எஸ்எம்பிஎஸ் பெட்டியின் உள்ளே, கரன்டில் வருகிற இரைச்சலை வடிகட்ட, ஃபேஸில் இருந்து ஒரு சின்ன கெபாசிட்டரும் நியூட்ரலில் இருந்து ஒன்றும் கேபினெட்டின் உலோகத்தோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தத் துளிக் கசிவு பேசாமல் மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினெட்டில் 230-இல் பாதி, 115 வோல்ட் அளவுக்கு நின்றுகொண்டிருக்கும். ஆம்பியர் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு போகிறது. ஆனால் நாளைக்கு உள்ளே நிஜமாகவே ஒரு வயர் கேபினெட்டில் பட்டுவிட்டால் உங்களைக் காப்பாற்ற அங்கே எதுவும் இல்லை. அதோடு இந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் சொருகும்போது லேசாகப் பொறி பறக்கும், போர்ட் போய்விடும். போர்ட் அடிக்கடி போகிறது என்று மதர்போர்டைத் திட்டுகிற பல வீடுகளில் கோளாறு சுவரில்தான் இருக்கிறது.

முதலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பாருங்கள். முகப்பில் மூன்று ஓட்டை இருக்கும், வயரைப் பிரித்தால் உள்ளே இரண்டே கம்பி ஓடும், சுவர் பக்கத்தில் இரண்டு பின் பிளக். நூறு, நூற்றைம்பதுக்குக் கிடைப்பதில் இது சகஜம். கம்ப்யூட்டரை நேராகச் சுவரில் உள்ள மூன்று பின் பிளக்கில் சொருகிப் பாருங்கள், ஷாக் நின்றுவிட்டால் பாக்ஸை மாற்றினால் போதும். நிற்கவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பாயின்டில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230-ஐ ஒட்டி வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஓரிரு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. பழைய வீடு என்றால் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றியே பல வருடம் ஆகியிருக்கும், வாடகை வீடு என்றால் குழியே தோண்டியிருக்க மாட்டார்கள், ஓனரிடம் பேசுங்கள்.

சில எலக்ட்ரீஷியன்கள் சாக்கெட்டின் உள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, ‘ஷாக் நின்னுடுச்சு பாருங்க’ என்பார்கள். நிற்கத்தான் செய்யும். வெளியே நியூட்ரல் அறுந்தால் கேபினெட் முழுக்க 230 வோல்ட் வந்து உட்காரும். அதை மட்டும் செய்ய விடாதீர்கள்.

கேள்வி: வீட்டில் 150 ஏஎச் பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குத் தனியாக யுபிஎஸ் வேண்டுமா, தண்டச் செலவா?
– தென்காசி வாசகர்

பதில்: இன்வெர்ட்டரின் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். ‘யுபிஎஸ்’ என்று ஒரு பக்கமும், ‘ஈக்கோ’ அல்லது ‘நார்மல்’ என்று மறுபக்கமும் போட்டிருக்கும். மாட்டிக் கொடுத்தவர் பெரும்பாலும் ஈக்கோவில் விட்டுப் போயிருப்பார். ஈக்கோவில் கரன்ட் போனால் பேட்டரிக்கு மாற ஆகும் நேரம் அதிகம். ஃபேனும் லைட்டும் அதைக் கண்டுகொள்ளாது, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் மாறும் நேரம் பத்து மில்லி செகண்டு அளவுக்கு வந்துவிடும். நல்ல எஸ்எம்பிஎஸ் என்பது 16, 17 மில்லி செகண்டு தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது ஏடிஎக்ஸ் என்கிற தர வரையறை, அதனால் பிராண்டட் மெஷின்கள் அசையாமல் ஓடும். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. யுபிஎஸ் மோடில் பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் 180-இல் இருந்து 260 வோல்ட் வரைதான் வெளிக் கரன்டை உள்ளே விடும், அதைத் தாண்டினால் பேட்டரிக்குப் போய்விடும். ஈக்கோவில் 100-இல் இருந்து 290 வரை எது வந்தாலும் அப்படியே அனுப்பும். சாயந்திரம் ஆனால் லோ வோல்டேஜ் அடிக்கிற தெருவில் யுபிஎஸ் மோடில் வைத்தால் பேட்டரி அடிக்கடி வேலை செய்யும், அந்தச் செலவை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து, அது வெளிக் கரன்டு மாதிரியே சீரான அலையாகத் தருகிற சைன் வேவ் இன்வெர்ட்டரா, வெட்டி வெட்டித் தருகிற ஸ்கொயர் வேவா என்று பாருங்கள். சைன் வேவ் என்றால் மேலே சொன்னபடி செய்துவிட்டு நிம்மதியாக இருங்கள், யுபிஎஸ் தண்டம்தான். மானிட்டரோடு சேர்த்து ஒரு மினி டெஸ்க்டாப் சாதாரண வேலையில் 50, 60 வாட்டைத் தாண்டாது, பழைய சீலிங் ஃபேன் ஒன்றே 75 வாட் இழுக்கும். ஸ்கொயர் வேவ் என்றால் கம்ப்யூட்டரை அதில் ஓட்டாதீர்கள். அதன் பின்னால் ஒரு யுபிஎஸ்ஸை மாட்டினாலும் சரிவராது, பல யுபிஎஸ்கள் ஸ்கொயர் வேவைக் கரன்டாகவே ஒப்புக்கொள்ளாமல் பீப் பீப் என்று கத்திக்கொண்டே தன் பேட்டரியைக் காலி செய்துவிட்டு அணைந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் இன்வெர்ட்டர் லைனில் சேராத பிளக்கில் ஒரு 600 விஏ யுபிஎஸ் போடுங்கள். 600 விஏ என்றால் 600 வாட் இல்லை, 360 வாட்தான். உள்ளே 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி ஒன்று இருக்கும், இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டி வரும், அதை வாங்கும்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

லேசர் பிரிண்டரை இன்வெர்ட்டரிலும் யுபிஎஸ்ஸிலும் மாட்ட வேண்டாம். சூடேறும் ஒவ்வொரு தடவையும் அது இஸ்திரிப் பெட்டி அளவுக்கு இழுக்கும். வைஃபை ரவுட்டரை மறக்காமல் மாட்டுங்கள், கம்ப்யூட்டர் ஓடி நெட் போய்விட்டால் என்ன லாபம்?

கேள்வி: ரேம் விலை ஏன் இப்படி ஏறிக் கிடக்கிறது? இறங்கும் வரை காத்திருக்கலாமா? 8 ஜிபி போதுமா?
– கோவை, மதுரை, புதுச்சேரி வாசகர்கள்

பதில்: உலகத்துக்கு ரேம் சிப் செய்கிறவர்களில் பெரிய கைகள் மூன்றுதான், சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ டேட்டா சென்டர்கள் என்ன விலை கொடுத்தும் மெமரி வாங்கத் தயாராக இருப்பதால் மூவரும் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். 2025 கடைசியில் விலை தாறுமாறாக ஏறியது அதனால்தான். மைக்ரான் 2025 டிசம்பரில், நாம் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய க்ரூஷியல் என்ற பிராண்டையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது. டிடிஆர்4 பழைய சரக்கு ஆயிற்றே, அதனால் மலிவாக இருக்கும் என்று நினைத்தால் அதன் உற்பத்தியையும் குறைத்துக்கொண்டே வருகிறார்கள்.

எனவே பிள்ளைக்கு இப்போது தேவை என்றால் இப்போதே வாங்குங்கள், ஆனால் ரேமைத் தனியாக வாங்காமல், ஏற்கெனவே ரேம் உள்ள மெஷினாகப் பாருங்கள். லீஸ் முடிந்த டெஸ்க்டாப்பை நான் வலியுறுத்த இதுவும் ஒரு காரணம். பிரவுசர், வேர்டு, எக்செல், கோடிங், யூட்யூப், இதெல்லாம் விண்டோஸ் 11-இல் 8 ஜிபியில் ஓடும். க்ரோமில் முப்பது டேப் திறந்துவைக்கிற ஆளாக இருந்தால் முனகும், ஆனாலும் ஓடும். வீடியோ எடிட்டிங், விர்ச்சுவல் மெஷின் என்று போனால்தான் 16. 8 ஜிபி ஒரே துண்டாக இருந்து, இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கும்படி வாங்குங்கள், விலை இறங்கும்போது அதே மாதிரி இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். ப்ராசஸருக்குள் இருக்கிற கிராபிக்ஸிலேயே கேம் ஆடுகிற பையன் வீட்டில் இருந்தால் மட்டும் இந்த யோசனை ஒத்துவராது. அந்த கிராபிக்ஸ் ரேமையே பங்கு போட்டுக்கொள்வதால் ஒற்றைத் துண்டில் வேகம் நன்றாகவே அடிபடும், அவனுக்கு இரண்டு துண்டாகத்தான் போட வேண்டும்.

டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 ஏறாது. மினி டெஸ்க்டாப்களுக்கு லேப்டாப்பில் போடும் சின்ன ரேம்தான். கடைக்குப் போவதற்கு முன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: தெரிந்தவரிடம் ரைசன் 5 5600 ப்ராசஸரும் போர்டும் நல்ல விலைக்குக் கிடைத்தது. ரேம், எஸ்எம்பிஎஸ் எல்லாம் மாட்டியாயிற்று. ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் ‘நோ சிக்னல்’. போர்டு போய்விட்டதா?
– சிவகாசி வாசகர்

பதில்: போர்டு நன்றாகத்தான் இருக்கும். 5600-இன் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தாலும் அதற்குப் படம் அனுப்ப ஆள் இல்லை. நீங்கள் வாங்கியிருக்க வேண்டியது 5600ஜி. இன்டெல்லிலும் இதே கதைதான், 12400-இல் கிராபிக்ஸ் உண்டு, 12400எஃப்-இல் இல்லை. விலை ஆயிரம், இரண்டாயிரம் குறைகிறதே என்று ‘எஃப்’ வாங்குபவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு செகண்ட் ஹேண்டில் தேடுங்கள், படம் மட்டும் வந்தால் போதும் என்றால் எந்த அடிமட்டக் கார்டும் ஆகும். இல்லை, 5600-ஐ விற்றுவிட்டு 5600ஜி வாங்குங்கள், அதே போர்டில் உட்காரும், போர்டின் அடிப்படை சாஃப்ட்வேரான பயாஸுக்கு அப்டேட் வேண்டுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப் பரணில் கிடக்கிறது. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். ஆன் ஆகவே பத்து நிமிடம். எனக்குக் கல்லூரியில் அசைன்மென்ட் டைப் செய்ய, யூட்யூப் பார்க்க வேண்டும். தேற்ற முடியுமா, எடைக்குப் போடவா?
– விழுப்புரம் வாசகி

பதில்: தேற்றலாம். 2011-இல் அந்தத் திட்டம் தொடங்கியதில் இருந்து லட்சக்கணக்கில் கொடுத்தார்கள், அதில் பாதி உங்கள் வீட்டைப் போலப் பரணில்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

அதைக் கொல்வது ஹார்டு டிஸ்க். விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுக்கிறது, சுற்றுகிற தட்டில் ஒவ்வொன்றுக்கும் முள் ஓடிப்போய் நிற்க வேண்டும். எஸ்எஸ்டியில் ஓடுகிற வேலையே இல்லை. 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி 240 அல்லது 256 ஜிபி ஒன்று வாங்கி மாற்றுங்கள், பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றத் தெரிந்தால் நீங்களே செய்யலாம். என்விஎம்இ என்கிற வேறு வகை எஸ்எஸ்டியைக் கேட்டு வாங்கிவிடாதீர்கள், அது அதில் ஏறாது. பழைய டிஸ்க்கில் அண்ணனின் போட்டோக்கள் இருந்தால் முதலில் எடுத்துவையுங்கள், பிறகு அதை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

விண்டோஸை மறந்துவிடுங்கள். லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 4 ஜிபியில் சந்தோஷமாக ஓடும். காசு கிடையாது. லிப்ரே ஆபீஸ், ஃபயர்பாக்ஸ் கூடவே வரும். தமிழ் டைப் செய்ய ஐபஸ், எம்17என் என்கிற இரண்டு சாஃப்ட்வேரையும் போட்டால் தமிழ் 99 விசைப்பலகை கிடைக்கும். வாத்தியார் வேர்டு ஃபைல்தான் வேண்டும் என்றால் லிப்ரே ஆபீஸிலேயே அந்த வடிவில் சேமிக்கலாம், டேபிள்கள் அங்கங்கே நகர்ந்திருக்கும், அனுப்புமுன் ஒருமுறை பிடிஎஃப் ஆக்கிப் பாருங்கள். யூட்யூபை 480, 720-இல் பாருங்கள், அதற்கு மேல் அந்தப் ப்ராசஸர் தாங்காது. பேட்டரி உப்பி டச்பேடைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று முதலில் பாருங்கள், அப்படியிருந்தால் சார்ஜ் போடவே போடாதீர்கள். கழற்றிவிட்டு அடாப்டரிலேயே ஓட்டலாம்.

கேள்வி: நீங்கள் சொன்ன மாதிரி லீஸ் முடிந்த டெஸ்க்டாப் வாங்கிவிட்டேன். ஏழு நாள் ரிட்டர்ன் இருக்கிறது. அதற்குள் என்ன பார்க்க வேண்டும்?
– கரூர் வாசகர்

பதில்: நெட்டில் இணைத்துவிட்டு விண்டோஸை ஒருமுறை ரீசெட் செய்யுங்கள். செட்டப் நடக்கும்போது ஏதாவது ஒரு கம்பெனி பெயரைப் போட்டு ‘உங்கள் அலுவலகக் கணக்கில் நுழையவும்’ என்று கேட்டால் அந்த மெஷினைப் பழைய கம்பெனி இன்னும் தன் பட்டியலில் இருந்து விடுவிக்கவில்லை என்று அர்த்தம். மறுபேச்சே வேண்டாம், திருப்பிக் கொடுங்கள். பயாஸுக்குள் போய்ப் பாருங்கள், பாஸ்வேர்டு கேட்டால் அதுவும் தலைவலிதான், கடைக்காரரே எடுத்துத் தரட்டும். பிராண்டட் மெஷின்களில் விண்டோஸ் லைசன்ஸ் பெரும்பாலும் போர்டிலேயே பதிந்திருக்கும், நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். அப்படி ஆகவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

சிபியு-இசட் என்கிற சாஃப்ட்வேரைப் போட்டுப் ப்ராசஸர் நம்பரைப் பில்லோடு ஒப்பிடுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டால் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடும். ‘புது எஸ்எஸ்டி’ என்று சொல்லிக் கொடுத்ததில் 9,000 மணி நேரம் காட்டினால் கடைக்காரருக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்கள், பேச்சு சுருக்கமாக முடியும். ராத்திரி, ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86-ஐ ஓடவிட்டுத் தூங்குங்கள், ஒரே ஒரு எரர் வந்தாலும் ரேமை மாற்றச் சொல்லலாம். யுஎஸ்பி போர்ட் ஒவ்வொன்றிலும் பென் டிரைவைச் சொருகிப் பாருங்கள், ஹெட்போன் ஓட்டையை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். தேதியும் நேரமும் ஆன் செய்யும்போதெல்லாம் பின்னால் போனால் பயப்பட வேண்டாம், சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும், வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

கேள்வி: மானிட்டர் வாங்காமல் வீட்டில் இருக்கிற 32 இன்ச் டிவியில் மாட்டிக்கொள்ளலாமா?
– நாகப்பட்டினம் வாசகர்

பதில்: படம் பார்க்கலாம், படிக்க முடியாது. 32 இன்ச் டிவிகளில் பெரும்பாலானவை எச்டி ரெடி, அதாவது 1366-க்கு 768 புள்ளிகள்தான். அதே புள்ளிகளை அத்தனை பெரிய திரையில் பரப்பி இரண்டடி தூரத்தில் உட்கார்ந்தால் எழுத்தெல்லாம் பிசிறடிக்கும், தமிழ் எழுத்துகளின் சுழி இன்னும் மோசம். டிவி ஃபுல் எச்டி என்றால் தற்காலிகமாக ஓட்டலாம். ஓரங்கள் வெட்டுப்பட்டு டாஸ்க்பார் பாதி காணாமல் போனால் டிவியின் பிக்சர் செட்டிங்கில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்க்ரீன் ஃபிட்’ என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். டிவியை வைத்து ஆரம்பித்து, அடுத்த போனஸில் மானிட்டர் வாங்குவது நல்ல திட்டம். மாமனார் சீரியல் பார்க்கிற நேரத்தில் பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு வரக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: சென்னைக்குப் போய் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினால் பாதி விலைக்குக் கிடைக்கும் என்கிறார்களே?
– வேலூர் வாசகர்

பதில்: பாதி விலை என்பது பழைய நினைப்பு. புது சாமான்களில் ஆன்லைனுக்கும் அங்கேக்கும் வித்தியாசம் சில நூறு ரூபாய் இருந்தால் பெரிது. ஆனால் போவதில் வேறு லாபங்கள் உண்டு. பழைய மாடலுக்கு ஒரு அடாப்டர், ஒரு ஃபேன், மினி மெஷினுக்கு வேண்டிய ஒரு ஸ்க்ரூ, இதெல்லாம் அந்தத் தெருவில்தான் கையோடு கிடைக்கும். லீஸ் முடிந்த மெஷின்களை நேரில் ஆன் செய்து பார்த்து வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடிக் கிடக்கும்.

முதலில் சொல்கிற விலைக்கு ‘ஜிஎஸ்டி தனி’ என்று பிறகு சேர்ப்பார்கள். 18 சதவீதம், 20,000-க்கு 3,600. பேச ஆரம்பிக்கும்போதே பில்லோடு என்ன விலை என்று கேளுங்கள். பில் வேண்டாம் என்றால் குறைக்கிறேன் என்பார்கள், வேண்டாம். மூன்று வருட வாரன்டி உள்ள எஸ்எஸ்டியை எட்டாவது மாதத்தில் மாற்றப் போனால் கம்பெனி முதலில் கேட்பது பில்லைத்தான். அந்த வாரன்டி கம்பெனி தருவதா, கடை தருவதா என்றும் கேட்டுவையுங்கள். கடை தருவது என்றால் கடை இருக்கிற வரைக்கும்தான்.

கேள்வி: வாங்கிய டெஸ்க்டாப்பில் வைஃபையே இல்லை. என்ன செய்வது?
– திண்டுக்கல் வாசகி

பதில்: ஆபீஸ் மெஷின்களில் அப்படித்தான், எல்லாம் கேபிளில் ஓடியவை. ரவுட்டர் அதே அறையில் இருந்தால் ஒரு கேட்6 கேபிள் வாங்கிச் சொருகுங்கள், அதைவிட நல்லது எதுவும் இல்லை. இல்லாவிட்டால் யுஎஸ்பி வைஃபை அடாப்டர், அதில் டூயல் பேண்ட் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ளது அபார்ட்மென்ட்களில் அக்கம்பக்கத்து ரவுட்டர்களோடு முட்டிக்கொண்டு திணறும். அதை நீல நிற யுஎஸ்பி 3 போர்ட் பக்கத்தில் சொருகாதீர்கள், யுஎஸ்பி 3 இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கெடுக்கும். மினி மெஷின் என்றால் உள்ளே வைஃபை கார்டு போட ஒரு ஸ்லாட் இருக்க வாய்ப்பு உண்டு, கடையில் ஆன்டெனாவோடு கேளுங்கள். அடாப்டர் வந்து சேரும் வரை போனைக் கேபிளில் சொருகி யுஎஸ்பி டெதரிங் போட்டுக்கொள்ளுங்கள், டிரைவர் எல்லாம் அதிலேயே இறங்கிவிடும்.